உன்னிக்காட்டில் ஒரு தொட்டில்

எங்கள் குலசாமி காட்டிலிருந்து ஒரு குச்சியைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது. இது என் புகுந்த வீட்டுச் சட்டம். தேவதானத்திலிருந்து மேற்கே மலையைப் பார்த்துப் போனால், வனத்துறை எல்லைக்கு இந்தப் பக்கமே அந்தக் காடு வந்துவிடும். காடு என்றால் பெரிய காடு இல்லை, நாலைந்து தென்னந்தோப்பு அளவுதான். நடுவில் கூரையில்லாத ஐயனார். பக்கத்தில் ஒரு மண்குதிரை, அதற்கும் ஒரு காது கிடையாது. பங்குனி உத்திரத்துக்குப் போய்ப் பொங்கல் வைத்துவிட்டுத் திரும்பும்போது, எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் அத்தனை பேரும் நின்று துணியை உதறுவோம். வேட்டியில் ஒட்டிய நாயுருவி, சேலைக் கரையில் குத்திய நெருஞ்சி, செருப்பில் அப்பிய மண், எல்லாவற்றையும் காட்டுக்குள்ளேயே தட்டிவிட்டுத்தான் வேனில் ஏற வேண்டும்.

கல்யாணமான புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. வத்திராயிருப்பில் என் பிறந்த வீட்டுச் சாமி இவ்வளவு கறார் இல்லை. பிறகு ராஜபாளையத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் எடுக்க ஆரம்பித்தபோது, மரத்தைக் காப்பாற்ற இதைவிட நல்ல காவலை எந்த அரசாங்கமும் போட்டதில்லை என்று தோன்றியது. ஊரே விறகுக்கு அலைந்த காலத்திலும் அங்கே குருந்தும் நுணாவும் வெப்பாலையும் உசிலையும் அப்படியே நின்றன. வகுப்பில் இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அதே காவல்தான் பின்னாளில் என் வழியை மறித்துக்கொண்டு நின்றது.

அந்தக் காட்டில் எனக்கு ஒரே ஒரு வேலை பாக்கி இருந்தது. ஓர் அழிஞ்சில் மரத்தில் நாங்கள் கட்டிய தொட்டிலை அவிழ்க்க வேண்டும்.

அழிஞ்சில் மரத்தைப் பற்றி இந்தப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அதன் விதை கீழே விழுந்தாலும், ஈரம் பட்டதும் நகர்ந்து போய்த் தாய்மரத்திலேயே ஒட்டிக்கொள்ளுமாம். பழத்தின் சதை பிசின் மாதிரி இருக்கும், எதிலும் ஒட்டும், அவ்வளவுதான் விஷயம். ஆனால் பிள்ளை இல்லாதவர்களுக்கு அவ்வளவு போதுமே. அந்த மரத்தில் தொட்டில் கட்டுவார்கள். பிள்ளை பிறந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, கட்டியவர்கள் கையாலேயே தொட்டிலை அவிழ்க்க வேண்டும். எனக்குத் தரித்தது எதுவும் தங்காமல் போய்க்கொண்டிருந்த காலத்தில், என் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து விடுப்பில் வந்திருந்தபோது, நாங்களும் போனோம்.

மற்றவர்கள் கடையில் விற்கும் மரத்தொட்டிலை மஞ்சள் துணியில் கட்டுவார்கள். அவர் தன் பழைய சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார். பட்டாளத்தில் கொடுக்கும் அலுமினிய டப்பா, நீளச் சதுரமாக இருக்கும். நாலு மூலையிலும் ஓட்டை போட்டு, மழைத்தண்ணீர் நிற்காமலிருக்க அடியிலும் ரெண்டு ஓட்டை போட்டு, சிக்னல் பிரிவில் அவர் பார்த்த வேலைக்கு அடையாளமாகச் செம்புக் கம்பி கோத்திருந்தார். என் மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். கூட வந்திருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். அவர் அசரவில்லை.

“பட்டாளத்தான் பிள்ளைக்கு இதுதான் தொட்டில். துணி மக்கிப்போகும், இது நாம வார வரைக்கும் கெடக்கும். ஏட்டி, நீயே கட்டு,” என்றார்.

என் கண் உயரத்துக்கு இருந்த ஒரு கிளையில் கட்டினேன். திரும்பும் வழியில் அவர் வேலியோரத்தில் உன்னிப்பழம் பறித்துத் தந்தார். கருப்பாக, மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், லேசாக இனிக்கும். அன்றைக்கு உன்னிச்செடி அந்த வேலியோரத்தில் மட்டும்தான் இருந்தது. ரெண்டு பேரும் நாக்கைக் காட்டிக்கொண்டு நடந்தது நினைவிருக்கிறது.

பிள்ளை வரவில்லை. தொட்டில் அங்கேயே கிடந்தது. வருஷா வருஷம் பங்குனி உத்திரத்துக்குப் போகும்போது இருவரும் அந்தப் பக்கம் பார்க்க மாட்டோம், ஆனால் பார்ப்போம். அவர் ஓய்வு பெற்று வந்து, நானும் ஓய்வு பெற்று, ராஜபாளையம் வீட்டில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து செய்தித்தாள் படித்த வருஷங்களில்தான் உன்னி மெதுவாகக் காட்டுக்குள் நடந்தது. எந்தத் துரை பங்களாத் தோட்டத்துக்கோ அழகுக்காகக் கடல் தாண்டிக் கொண்டுவந்த செடி. சின்னான் குருவி பழத்தைத் தின்றுவிட்டு எந்த மரத்தில் உட்கார்ந்து எச்சமிடுகிறதோ, அந்த மரத்தடியில் அடுத்த மழைக்கு ஒரு புதர். ஒரு பங்குனிக்கு நடைபாதை ஒடுங்கியது. இன்னொரு பங்குனிக்குக் குருந்தமரங்கள் தெரியவில்லை. பிறகு அழிஞ்சிலின் தலை மட்டும் தெரிந்தது.

அவர் போய்ச் சேர்ந்தது ஒரு சாதாரணக் காலையில். காய்ச்சிய பால் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு என் வீட்டில் பேச்சு என்று ஒன்று கிடையாது. பால்காரரிடம் சொல்லும் “அரை லிட்டர் போதும்”தான் சில நாட்களில் நான் பேசும் மொத்தப் பேச்சும். பக்கத்துக் காலி மனையில் பார்த்தீனியம் இடுப்பளவுக்கு வளர்ந்து நிற்கும். அதைப் பிடுங்கப் போவேன், தும்மல் வந்து திரும்புவேன். அந்தத் தனிமையில்தான் தொட்டில் ஞாபகம் வந்து உட்கார்ந்துகொண்டது. பிள்ளைக்காகக் கட்டியது. கட்டியவர்களில் ஒருத்தர் இல்லை. இன்னொருத்தியும் போய்விட்டால், அது யாருடைய தொட்டில் என்று சொல்லக்கூட ஆள் இருக்காது. நான் இருக்கும்போதே என் கையால் அவிழ்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. அந்த எண்ணம் அதற்குப் பிறகு போகவே இல்லை.

போன வருஷம் பங்குனி உத்திரத்துக்கு முன்னால், ஸ்ரீவில்லிபுத்தூரில் என் கொழுந்தனார் வீட்டில் பங்காளிகள் கூடினார்கள். அவர் நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், குலசாமி விஷயத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். வேன், ஆடு, பாத்திரம் எல்லாம் பேசி முடித்து, பால்கோவாத் தட்டு சுற்றி வந்தபோது நான் வாயைத் திறந்தேன். அழிஞ்சில் மரம் வரைக்கும் உன்னியை வெட்டி ஒரு பாதை போட வேண்டும், இல்லாவிட்டால் இருக்கிற மரங்களும் அழிந்துபோகும் என்றேன்.

“சாமி காட்டுல அருவாளா? என்ன மதினி சொல்லுதிய?” என்றார் கொழுந்தனார்.

“மரத்தை வெட்டச் சொல்லல தம்பி. உன்னியத்தான் சொல்லுதேன். அது நம்ம ஊருச் செடியே இல்ல. அதுக்கு அடியில ஒரு புல்லு மொளைக்காது. சாமி காடுன்னு சொல்லிக்கிட்டு வெறும் உன்னிக்காட்டத்தான் கும்பிடப்போறோம்.”

“வந்த செடி, இருந்த செடின்னு சாமி பாக்குமா? அவிய எடத்துல மொளச்சா அவியளோடதுதான். அம்புட்டு ஏன், நீங்களே வத்திராயிருப்புல இருந்து வந்தவியதான? ஒங்கள நாங்க வேத்தாளாவா பாத்தோம்?”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. வேற்றாளாகப் பார்க்கவில்லை என்றால், பொங்கல் பானைக்கு முதல் அரிசி போட என்னை ஏன் ஒரு வருஷமும் கூப்பிட்டதில்லை? பிள்ளை இல்லாதவள் என்று முன்பும், தாலி இல்லாதவள் என்று இப்போதும் என்னைப் பாத்திரம் கழுவும் பக்கத்தில்தான் வைத்திருக்கிறார்கள். உன்னிக்குக் கிடைத்த இடம்கூட எனக்குக் கிடைக்கவில்லை. இதையெல்லாம் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. பால்கோவாவை வாயில் போட்டு விழுங்கினேன்.

கடைசியில் கொழுந்தனாரே ஒரு வழி சொன்னார். சாமியிடமே கேட்டுவிடலாம், பூக்கட்டிப் பார்ப்போம் என்றார். வெள்ளைப்பூவும் சிவப்புப்பூவும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி சாமி முன்னால் போடுவது, விவரம் தெரியாத ஒரு குழந்தை ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் வெட்டலாம். சிவப்பு வந்தால் அந்தப் பேச்சை விட்டுவிட வேண்டும்.

உத்திரத்தன்று காட்டுக்குப் போய் இறங்கிய பிறகுதான் செவ்வரளி ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக் குளிர்பெட்டிக்குள்ளேயே இருக்கிறது என்று தெரிந்தது. வெள்ளைக்குச் சம்பங்கி மாலை இருந்தது. சிவப்புக்கு என்ன செய்வது? கொழுந்தனாரின் மனைவி சுற்றும் முற்றும் பார்த்தாள். சாமிக்கென்றால் அங்கே பூப் பறிக்கலாம். இரண்டடி தள்ளி, கைக்கெட்டும் தூரத்தில், ஆரஞ்சும் சிவப்புமாகப் பூத்து நின்றது உன்னி. ஒரு கொத்தைக் கிள்ளிப் பொட்டலம் கட்டினாள்.

“அதையா வைக்கிறது?” என்றேன்.

“செவப்பாத்தான இருக்கு அக்கா, எந்தப் பூவா இருந்தா என்ன?” என்றாள். வழக்கில் எதிராளியையே சாட்சிக்குக் கூப்பிட்ட மாதிரி இருந்தது எனக்கு. குமாஸ்தா வீட்டில் இது கூடவா தெரியாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஒரு பேத்தி, இப்போதுதான் நடக்கப் பழகியவள், தள்ளாடிப் போய் ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பூசாரி பிரித்தார். உன்னிப்பூ. குழந்தை அதை வாயில் வைக்கப் போனது, எல்லோரும் பதறிப் பிடுங்கினார்கள். அந்தக் கலவரத்தில் என் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

“சாமி உத்தரவு இல்ல மதினி,” என்றார் கொழுந்தனார், கொஞ்சம் தணிந்த குரலில். நான் தலையாட்டிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். அன்றைக்கு அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் தனியாக இருந்தமாதிரி என் வீட்டில்கூட நான் இருந்ததில்லை.

ஒரு மாதம் முறைத்துக்கொண்டு கிடந்தேன். பிறகு ஒரு நாள் சமையலறையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது புத்தியில் பட்டது. வெட்டக் கூடாது என்பதுதான் உத்தரவு. நுழையக் கூடாது என்று சாமி சொல்லவில்லையே. கத்தரிக்காயைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தேன்.

வைகாசியில், கோடை மழை ரெண்டு பெய்து ஓய்ந்த பிறகு போனேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு யார் இருக்கிறார்கள்? அவருடைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு பையில் தண்ணீர் பாட்டிலும் துண்டும் வைத்துக்கொண்டு ராஜபாளையத்தில் பேருந்து ஏறினேன். கத்தி, அரிவாள் எதையும் எடுக்கவில்லை. கையில் இருந்தால் வெட்டிவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும். சேத்தூர் தாண்டி வரும் கண்மாயில் பாதிக்குச் சீமைக்கருவேலம், மீதிக்கு ஆகாயத்தாமரை. ஜன்னலோரத்தில் இருந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, “எம்புட்டு பச்சையா இருக்கு,” என்று சந்தோஷப்பட்டாள்.

காட்டில் ஒரு ஆளும் இல்லை. ஐயனாருக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன். உன்னிப் புதரைச் சுற்றி வந்தபோது, காட்டுப்பன்றி போட்ட தடம் ஒன்று புதருக்கு அடியில் சுரங்கமாகப் போவது தெரிந்தது. அறுபது தாண்டிய, முட்டிவலிக்குத் தைலம் தேய்க்கிற ஒரு முன்னாள் ஆசிரியை, குனிந்தும் பிறகு தவழ்ந்தும் அதற்குள் போனேன். பாம்பு இருக்கலாம், பன்றியே இருக்கலாம். பயம் இல்லாமல் இல்லை. முள் சட்டையைப் பிடித்து இழுத்தது, அங்கங்கே நின்று ஒவ்வொன்றாக விடுவித்தேன், ஒடிக்கவில்லை. கசக்கிய உன்னி இலையின் அந்த நெடி மூக்கில் ஏறியது. தொட்டில் கட்ட வந்த அன்று இந்தத் தரையில் கால் வைக்க இடமில்லாமல் பிரண்டையும் குப்பைமேனியும் சிறுகுறிஞ்சானும் பெயர் தெரியாத புற்களும் இருந்தன. இப்போது வெறும் மண்ணும் காய்ந்த உன்னிச் சுள்ளியும்தான். எறும்பு ஊர்ந்தால்கூடச் சத்தம் கேட்கும்போல் இருந்தது.

அழிஞ்சில் உயிரோடு இருந்தது. பழம் கருஞ்சிவப்பாகப் பழுத்துத் தரையெங்கும் உதிர்ந்து கிடந்தது. முழங்காலிட்டு மரத்தைச் சுற்றித் தேடினேன். அந்த மரத்துக்கு ஒரு நாற்று இல்லை, ஒன்றுகூட இல்லை. பழைய விதை, புது விதை, மக்கிய விதை, வருஷா வருஷம் பெற்றுப் போட்டுக்கொண்டே இருக்கிறது, எதுவும் தங்கவில்லை. அங்கே உட்கார்ந்து நான் அழுதேன். மரத்துக்காகவா எனக்காகவா என்று பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

பிறகு எழுந்து நின்று தொட்டிலைப் பார்த்தேன். மரம் வளர்ந்தால் கிளையும் மேலே போய்விடும் என்று பலரும் நினைக்கிறார்கள். போகாது, கட்டிய உயரத்திலேயேதான் நிற்கும். என் கண்ணுக்கு நேராக இருந்த டப்பா இப்போது நெற்றி உயரத்தில் இருந்தது. நான்தான் கொஞ்சம் குறுகிவிட்டேன். கம்பியைத் தேடினேன். கிளை பருத்து அதை விழுங்கியிருந்தது. கம்பி உள்ளே போன இடத்தில் பட்டை உதடு மாதிரி மூடியிருந்தது. அவிழ்க்க முடிச்சே இல்லை. டப்பாவை எடுக்க வேண்டுமானால் கிளையை அறுக்க வேண்டும்.

டப்பாவை லேசாகச் சாய்த்து எட்டிப் பார்த்தேன். இத்தனை வருஷத்துத் தூசியும் இலையும் மக்கி, பாதி டப்பாவுக்கு நல்ல மண் சேர்ந்திருந்தது. அதில் ஒரு செடி முளைத்திருந்தது. அழிஞ்சில் நாற்றாக இருக்குமோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. இலையைத் தொட்டு முகர்ந்தேன்.

உன்னி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டே சிரித்தேன். நாங்கள் கட்டிய தொட்டிலில் கடைசியில் ஒன்று வந்து படுத்திருக்கிறது, அது எது என்று பார்த்தால் இது. அவர் இருந்திருந்தால், “ஏட்டி, வந்த பிள்ளைய வையாத,” என்று ஏதாவது சொல்லி என்னை இன்னும் சிரிக்க வைத்திருப்பார். சிரிப்பு அடங்கியதும், இதைச் சொல்ல ஒரு ஆள் இல்லை என்பது உறைத்தது. அன்றைக்குத்தான் அவர் போனது எனக்கு முழுதாகத் தெரிந்தது என்று சொன்னால் அது பொய்யில்லை.

நாலே இலை. தளதளவென்று இருந்தது. ஒன்றும் தெரியாத உயிர். குருவி கொண்டுவந்து போட்ட இடத்தில் முளைத்தது, அதன்மேல் என்ன குற்றம்? கொழுந்தனார் சொன்னது காதில் கேட்டது. அவிய எடத்துல மொளச்சா அவியளோடதுதான். ஆனால் இந்த டப்பா எங்கள் இடம். எங்கள் பிள்ளைக்காகக் கட்டியது. இரண்டு விரலால் தண்டைப் பிடித்து இழுத்தேன். வேர் மண்ணோடு சுலபமாக வந்துவிட்டது. தொட்டில் மறுபடி காலியாகிவிட்டது. இந்த முறை அதைக் காலி செய்தது நானே என்பது வலித்தது, இன்றைக்கும் வலிக்கிறது. பிடுங்கியதைத் தரையில் போட்டால் வேர் பிடித்துக்கொள்ளும் என்று, வேர் மேலே இருக்கும்படி ஒரு கிளைக் கவட்டையில் காயப் போட்டேன்.

அப்புறம் குனிந்து நல்ல பழமாகப் பார்த்துப் பொறுக்கினேன். தோலை நசுக்கி விதைகளை டப்பாவின் மண்ணில் ஊன்றி, பாட்டிலில் இருந்த தண்ணீரை ஊற்றினேன். அடியில் அவர் போட்ட ஓட்டை வழியாகத் தண்ணீர் சொட்டியது. தரைக்கு மேலே, உன்னியின் வேர் எட்டாத உயரத்தில், ஒரு சோற்று டப்பா அளவு மண். அங்கே முளைத்தாலும் எவ்வளவு நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியாதா? முப்பது வருஷம் பாடம் எடுத்தவள். தெரிந்துதான் ஊற்றினேன்.

வெளியே வந்து எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று சட்டையையும் சேலையையும் உதறினேன். பார்க்க யாரும் இல்லாவிட்டாலும் உதறினேன். பேருந்தில் கை நாறியது, வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவினேன், சாயங்காலம் காபி டம்ளரைத் தூக்கும்போதும் விரலில் உன்னி வாசம் இருந்தது. ஒன்றும் வெளியே வரக் கூடாத காட்டிலிருந்து அது மட்டும் என்னோடு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை. அந்த மழைக்காலத்தில் முட்டி வீங்கிப் படுத்துவிட்டேன். விதை முளைத்ததா, குருவி மறுபடி எதையாவது கொண்டுவந்து போட்டதா, ஒன்றும் தெரியாது.

இந்தப் பங்குனி உத்திரத்துக்கு வேனில்தான் போனேன். பொங்கல் பொங்கி இறங்கிய பிறகு கொழுந்தனார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“மதினி, போன வருசம் ஒங்க மனசு சங்கடப்பட்டது எனக்குத் தெரியும். அண்ணன் கட்டுன தொட்டில நெனச்சுத்தான் கேட்டியன்னு பொறவுதான் பிடிபட்டுச்சு. இந்த வருசம் செவ்வரளி மறக்காம கொண்டாந்துருக்கேன். மறுக்கா பூக்கட்டிப் பாப்போம். உத்தரவு கெடச்சா பாதை வெட்டி, அந்த டப்பாவ எறக்கிரலாம்.”

ஒரு வருஷம் முன்னால் இதைச் சொல்லியிருந்தால் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். புதருக்கு மேலே அழிஞ்சிலின் தலை தெரிந்தது. பூத்திருந்தது.

“பூக்கட்டிப் பாருங்க தம்பி. வெள்ள வந்தா தாராளமா வெட்டுங்க. டப்பாவ மட்டும் தொடாதிய.”

“ஏன் மதினி?”

“அதுல ஆள் இருக்கு,” என்றேன்.